ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க: பாடப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: மகள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு செமஸ்டராவது வெளிநாட்டில் படிக்க ஆசை. எந்த நாடு நல்லது, செலவு எவ்வளவு, பட்டம் தள்ளிப்போகுமா, சேமநிதியிலிருந்து எடுக்கலாமா? தேசிய சேவையில் இருக்கும் தம்பிக்கும் பின்னால் இது ஒத்துவருமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். சரியாகத் திட்டமிட்டால் பட்டம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. மாணவர் பரிமாற்றத்தில் (இரு பல்கலைகள் மாணவர்களை மாற்றிக்கொள்வது) போனால் படிப்புக் கட்டணத்தை இங்கேயே வழக்கம்போலக் கட்டுவீர்கள், அங்குள்ள பல்கலைக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். தங்குமிடம், சாப்பாடு, விமானம், விசா, காப்புறுதி ஆகியவைதான் உங்கள் கைச்செலவு. ஆனால் "எந்த நாடு" என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்பப் பாடம் தேடுபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். மகளுக்கு இன்னும் எந்தெந்தப் பாடங்கள் மிச்சம் இருக்கின்றன, அவற்றில் எவற்றை வெளியே படிக்க முடியும் என்ற பட்டியல் கையில் வந்ததும், நாடு தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

வழிகள் எத்தனை என்று முதலில் பார்ப்போம். ஒரு செமஸ்டர் மாணவர் பரிமாற்றம்தான் செலவு குறைந்தது, அதிகம் பேர் போவதும் அதில்தான். இரண்டாவது, மே முதல் ஜூலை வரையிலான விடுமுறையில் மூன்று முதல் எட்டு வாரம் வரை நடக்கும் கோடைக்காலப் படிப்பு. இதில் பெரும்பாலும் அங்குள்ள பல்கலையின் கட்டணத்தை நீங்களே கட்ட வேண்டும். கிடைப்பது ஒன்றிரண்டு பாடங்களுக்கான கிரெடிட்தான். வேலைப்பயிற்சிக்குப் போக வேண்டிய விடுமுறையும் அதில் கரைந்துவிடும். மூன்றாவது, வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. உங்கள் மகளின் பல்கலை 2002இல் சிலிக்கன் வேலியில் தொடங்கிய வெளிநாட்டுக் கல்லூரித் திட்டம், மாணவர்கள் என்ஓசி என்று சொல்வது, இந்த வகை. புதுத்தொழில் நிறுவனம் ஒன்றில் முழுநேர வேலை, கூடவே அங்குள்ள பல்கலையில் சில பாடங்கள், ஆறு மாதம் அல்லது ஓராண்டு. நிறுவனமே நேர்காணல் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும், சம்பளமும் கொடுக்கும். ஆகவே நல்ல மதிப்பெண் இருந்தும் நேர்காணலில் தேறாமல் போகலாம். தொழில் தொடங்கும் எண்ணம் மனதில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அந்த எண்ணமே இல்லாத பிள்ளையை, பெயருக்காக இதில் தள்ளிவிடாதீர்கள்.

நான்காவது, கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம். பெரும்பாலும் முதலாண்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலையிலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலையிலும் பெயர்கள் வேறு, அடிப்படை இதேதான். நிர்வாகப் பல்கலையில் 2018 முதல் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது ஒரு வெளிநாட்டு அனுபவம் பட்டத்துக்கான கட்டாய நிபந்தனையாகவே ஆகிவிட்டது. கல்வி அமைச்சும் 2020இல், உயர்கல்வி மாணவர்களில் 70 விழுக்காட்டினர் வெளிநாட்டு அனுபவம் பெற வேண்டும், அவர்களில் 70 விழுக்காட்டினர் ஆசியான் நாடுகள், சீனா, இந்தியா ஆகிய இடங்களுக்குப் போயிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆசிய நாடுகளுக்குப் போவோருக்கு உதவி நிதி எளிதாகக் கிடைப்பதன் பின்னணி இதுதான். ஐரோப்பாவுக்குப் பணம் போதாது என்றால் ஆசைக்கே முற்றுப்புள்ளி வைக்க வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்குப் பொருந்துவது பரிமாற்றம். அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, நாலாண்டுப் பாடத்திட்டத்தை ஒரே தாளில் எழுதுவது. பாடச் சுமையை இங்கே யூனிட் கணக்கில் அளக்கிறார்கள்: மொத்தம் 160 யூனிட், ஒரு செமஸ்டருக்குச் சராசரி 20, அதாவது நாலு யூனிட் பாடங்கள் ஐந்து. இதுவரை முடித்ததை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் மூன்று வண்ணம் குறியுங்கள்: இங்கேதான் படித்தாக வேண்டியவை (இறுதியாண்டுத் திட்டப்பணி, கட்டாய வேலைப்பயிற்சி, துறை விடாப்பிடியாக வைத்திருக்கும் முக்கியப் பாடங்கள்), வெளியிலும் படிக்கக்கூடிய துறைப் பாடங்கள், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற விருப்பப் பாடங்கள். மூன்றாவது வண்ணம்தான் பரிமாற்றத்துக்கு உயிர்நாடி. அதை முதல் இரண்டு ஆண்டில் இங்கேயே செலவழித்துவிட்டால், அங்கே போய் ஐந்து துறைப் பாடங்களுக்கும் சரிக்குச் சரி இணை தேட வேண்டியிருக்கும், அது பெரும்பாடு. பாலிடெக்னிக் வழியாக வந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பட்டயப் படிப்புக்காக அவர்களுக்குக் கிடைக்கும் விலக்கு பெரும்பாலும் விருப்பப் பாடங்களைத்தான் விழுங்குகிறது.

அடுத்தது பாட இணைப்பு, மாணவர்கள் மேப்பிங் என்று சொல்வது. அங்கு படிக்கும் பாடம் இங்குள்ள இந்தப் பாடத்துக்குச் சமம் என்று துறை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட இணைகளைப் பல்கலையின் தளத்தில் பார்க்கலாம். பட்டியலில் இல்லாததற்குப் பாடத்திட்டம், வார வாரியான தலைப்புகள், வகுப்பு நேரம், தேர்வு முறை, பாடநூல் ஆகியவற்றைக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். ஒரு பக்க விளம்பரச் சுருக்கத்தை அனுப்பினால் திருப்பித்தான் அனுப்புவார்கள். ஐந்து பாடம் வேண்டுமென்றால் பத்துப் பாடத்துக்கு அனுமதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. அங்கே போனபின் ஒரு பாடம் அந்த செமஸ்டரில் நடக்காது, இன்னொன்றில் இடம் நிறைந்திருக்கும், மூன்றாவதும் நாலாவதும் ஒரே நேரத்தில் விழும். அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைகளில் கணினி, வணிகப் பாடங்களில் சொந்த மாணவர்களுக்கே இடம் போதவில்லை. பரிமாற்ற மாணவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பார்கள்.

கிரெடிட் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் அளவு), பிரிட்டனில் 60 கிரெடிட், அமெரிக்காவில் வழக்கமாக 15. இங்குள்ள 20 யூனிட்டோடு ஒப்பிட்டால், நாலு யூனிட் பாடம் ஒன்று ஐரோப்பாவின் 6 ஈசிடிஎஸ்ஸுக்கும் அமெரிக்காவின் 3 கிரெடிட்டுக்கும் பிரிட்டனின் 12 கிரெடிட்டுக்கும் அருகில் வருகிறது. பிரிட்டனில் பல பாடங்கள் 10 கிரெடிட் அளவில் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு வந்து நாலு யூனிட்டுக்கு ஈடு கேட்டால் துறை தயங்கும். ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து எடுக்க நேரிடலாம், அல்லது 15 கிரெடிட் பாடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். எந்த மாற்று விகிதத்தை மகளின் துறை வைத்திருக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மதிப்பெண் பற்றிப் பெற்றோர் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பரிமாற்றத்தில் எடுக்கும் மதிப்பெண் இங்குள்ள சராசரியில் சேராது. தேறினால் யூனிட் மட்டும் வந்து சேரும். "அப்படியானால் அங்கே சுலபமாக இருந்துவிட்டு வரலாம்" என்பது பாதி உண்மை. மறுபாதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மகளின் சராசரி 5க்கு 3.90 என்று வைத்துக்கொள்வோம், முடித்த மதிப்பெண் பாடங்கள் 100 யூனிட். பட்டத்தின் இரண்டாவது உயர்ந்த நிலையான ஹானர்ஸ் டிஸ்டிங்ஷனுக்கு 4.00 வேண்டும். மிச்சமுள்ள 60 யூனிட்டையும் இங்கேயே படித்தால் அவற்றில் சராசரியாக 4.17 எடுத்தால் போதும். 20 யூனிட் பரிமாற்றத்தில் போய்விட்டால் மிச்சம் 40 யூனிட்டில் 4.25 எடுக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 40இல் இறுதியாண்டுத் திட்டப்பணியும் கடினமான துறைப் பாடங்களும் அடங்கும். எளிதாக மதிப்பெண் தரும் விருப்பப் பாடங்கள்தான் வெளிநாட்டுக்குப் போயிருக்கும். விளிம்பில் நிற்கும் பிள்ளைகள் இதை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். 4.3இலோ 3.4இலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரிதாக வேண்டாம்.

இப்போது நாட்காட்டி. நாட்டைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் இரண்டாவது இடம். இங்கே முதல் செமஸ்டர் ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரை, இரண்டாவது ஜனவரி நடுவிலிருந்து மே தொடக்கம் வரை. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. அதற்குப் போனால் இங்கே இரண்டாம் செமஸ்டர் தொடங்கும்போது மகள் அங்கே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள், ஓராண்டே குழம்பிவிடும். ஜெர்மனி வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான கோடை செமஸ்டர்தான், அதாவது இங்குள்ள இரண்டாம் செமஸ்டருக்குப் பதிலாக. அதிலும் சில தேர்வுகள் ஆகஸ்ட் வரை இழுக்கும், தேர்வுத் தேதியைப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானும் இதே கதை: ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும் இன்னொன்று. சீனாவின் இலையுதிர்ப் பருவம் ஜனவரிக்குள் நுழையும். சுவீடனிலும் இலையுதிர்ப் பருவம் ஜனவரி நடுவரை நீள்கிறது. பிரிட்டனில் வகுப்புகள் டிசம்பரில் முடிந்தாலும் தேர்வு ஜனவரியில் இருக்கும்; ஒரே பருவம் வரும் மாணவருக்கு டிசம்பரிலேயே மாற்றுத் தேர்வோ கட்டுரையோ உண்டா என்று ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியா (ஜூலை முதல் நவம்பர், பிப்ரவரி கடைசி முதல் ஜூன்), தென்கொரியா (செப்டம்பர் முதல் டிசம்பர், மார்ச் முதல் ஜூன்), அமெரிக்கா, கனடா ஆகியவை நம் நாட்காட்டிக்கு ஒத்துப்போகின்றன.

இயந்திரப் பொறியியல் என்பதால் ஐரோப்பா பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாக்ஹோமின் கேடிஎச், டென்மார்க்கின் டிடியு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை என்ற மூன்று தொழில்நுட்பப் பல்கலைகளுமே அருமையான இடங்கள். ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களில் பெரும்பாலானவை முதுகலை நிலையில் இருக்கும். மூன்றாமாண்டு மாணவர் அவற்றை எடுக்கலாம், எடுத்தும் தேறுகிறார்கள். முன்தேவைப் பாடங்களை இங்கே முடித்திருக்க வேண்டும் என்பதே விஷயம். திரவ இயக்கவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் போன்ற அடிப்படைகளை முடிக்காமல் இரண்டாம் ஆண்டிலேயே போவதைவிட, மூன்றாம் ஆண்டு இரண்டாம் செமஸ்டர் பொருத்தமானது. நாலாம் ஆண்டின் கடைசி செமஸ்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வர இரண்டு மூன்று மாதமாகலாம். அதுவரை பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் ஏறாது, கையில் வேலை கிடைத்திருந்தாலும் சான்றிதழ் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் போகும் செமஸ்டருக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே இங்குள்ள பல்கலையில் தொடங்கும். போக விரும்பும் பல்கலைகள் பலவற்றை வரிசைப்படுத்திக் கொடுக்கச் சொல்வார்கள். சராசரி மதிப்பெண் அதில் கனமான பங்கு வகிக்கும். ஒவ்வொரு பங்காளிப் பல்கலையிலும் எத்தனை இடம் என்பது, அங்கிருந்து எத்தனை பேர் இங்கே வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பண்டமாற்று மாதிரிதான்: அவர்கள் இருவரை அனுப்பினால் நாமும் இருவரை அனுப்பலாம். அதனால்தான் பிரிட்டன், அமெரிக்காவில் எல்லோரும் கேட்கும் பல்கலைகளுக்கு இடம் மிகக் குறைவு. முதல் இரண்டு விருப்பத்தில் பிரபலமானவற்றைப் போட்டு, அடுத்தவற்றில் பாடம் கச்சிதமாகப் பொருந்துகிற, பலர் கவனிக்காத பல்கலைகளைப் போடுவது புத்திசாலித்தனம். இங்கு தேர்வானாலும் அது அங்குள்ள பல்கலைக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைப்பது மட்டுமே. அங்குள்ள பல்கலையிடம் தனியாக விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அதன்பின்தான் விசா. கடிதம் வருவதற்குள் விமானச் சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

விசாவில் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களில் வேலை சுலபம். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு மாணவர் விசா தேவையில்லை, 2025 ஜனவரி 8 முதல் கட்டாயமான ஈடிஏ மின் அனுமதி போதும். ஆனால் அதில் போனால் பகுதிநேர வேலை, வேலைப்பயிற்சி எதுவும் செய்யக்கூடாது. இரண்டு செமஸ்டர் என்றால் மாணவர் விசாவும், ஓராண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கூடுதல் கட்டணமும் சேரும். கனடாவிலும் ஆறு மாதம் வரையான படிப்புக்குப் படிப்பு அனுமதி வேண்டாம், மின் அனுமதி மட்டும். அமெரிக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை: ஜே-1 (பரிமாற்ற விசா) என்றால் டிஎஸ்-2019 படிவமும் 220 டாலர் செவிஸ் (மாணவர் பதிவேடு) கட்டணமும், எஃப்-1 (மாணவர் விசா) என்றால் ஐ-20 படிவமும் 350 டாலரும், பிறகு நேப்பியர் சாலையில் உள்ள தூதரகத்தில் நேர்காணல். நேர்காணல் தேதி கிடைக்கத் தாமதமாகும் மாதங்கள் உண்டு. படிவம் கைக்கு வந்த அன்றே தேதி எடுத்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மூன்று மாதத்துக்கு மேல் என்றால் 500 வகை மாணவர் விசா. அதன் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆஸ்திரேலிய டாலராகவும் அதற்கடுத்த ஆண்டு 2,000 ஆகவும் உயர்ந்தது. ஒரே ஒரு செமஸ்டருக்கு இவ்வளவு விசாக் கட்டணம் என்பதை வரவுசெலவில் மறக்காமல் சேர்க்க வேண்டும். ஜப்பானுக்கு முதலில் தகுதிச் சான்றிதழை அங்குள்ள பல்கலை வாங்கி அனுப்பும், அதைக் காட்டி இங்கே விசா. போய் இறங்கி வீடு அமைந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தென்கொரியாவுக்கு டி-2-6 விசா, 90 நாளுக்குள் வசிப்பிட அட்டை. சீனாவுக்குச் சுற்றுலாவாகப் போக 30 நாள் விசா விலக்கு இருக்கிறது, அதைப் படிப்புக்குப் பயன்படுத்த முடியாது. 180 நாள் வரை எக்ஸ்2 மாணவர் விசா, அதற்கு மேல் எக்ஸ்1.

ஜெர்மனியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். விசா இல்லாமல் போய் இறங்கிவிட்டு அங்கே அனுமதி வாங்கும் சலுகை ஜப்பானியருக்கும் கொரியருக்கும் உண்டு, சிங்கப்பூரருக்கு இல்லை. 90 நாளுக்கு மேல் என்றால் இங்கிருந்தே தேசிய விசா எடுத்துப் போக வேண்டும். முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் பணம் போட்டுக் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. அந்தப் பணம் மாதாமாதம்தான் கைக்கு வரும், இடையில் மொத்தமாக எடுக்க முடியாது. ஆகவே வீட்டு முன்பணத்துக்கும் முதல் மாத வாடகைக்கும் தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டும். இங்கிருந்து வாங்கிப்போகும் பயணக் காப்புறுதியைப் பல்கலையில் சேரும்போது பெரும்பாலும் ஏற்பதில்லை. அங்குள்ள பொதுக் காப்புறுதியில் சேர மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும்.

ஐரோப்பாவில் சுற்றிப் பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். ஒரு ஷெங்கன் நாட்டின் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) வசிப்பிட அனுமதி இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் என்ற கணக்குத்தான். அனுமதி முடிந்தபின் ஒரு மாதம் தங்கிச் சுற்ற நினைத்தால் தேதிகளை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இந்தியக் கடப்பிதழோடு இங்கே நிரந்தரவாசியாகவோ மாணவர் அனுமதியிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன சலுகைகள் பொருந்தாது. பிரிட்டனுக்கு ஆறு மாதம் என்றாலும் விசா வேண்டும், கனடாவுக்கும் அப்படியே, ஷெங்கனுக்குச் சுற்றிப் பார்ப்பதென்றாலும் விசாதான். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி திரும்பி வரும் தேதியைத் தாண்டிச் செல்லுபடியாகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். விசா அலுவலகங்கள் "இவ்வளவு பணம் காட்டு" என்று கேட்கும் தொகையே நல்ல அளவுகோல். ஜெர்மனியின் ஆறு மாதம் சிங்கப்பூர் வெள்ளியில் ஏறத்தாழ 8,500 முதல் 9,000. பிரிட்டன் 2025 ஜனவரியில் லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்ட், லண்டனில் 1,483 பவுண்ட் என்று வைத்திருந்தது (பின்னர் உயர்ந்தது). அந்தக் கணக்கில் ஐந்து மாதத்துக்கு வெளியூரில் 5,680 பவுண்ட், ஏறக்குறைய 9,500 முதல் 10,000 வெள்ளி. ஆஸ்திரேலியா 2024 மே முதல் ஓராண்டுக்கு 29,710 டாலர் கேட்கிறது, ஐந்து மாதத்துக்குக் கணக்கிட்டால் 10,500 வெள்ளி அளவில் வரும். இதன்மேல் விமானச் சீட்டு, விசா, காப்புறுதி, குளிர் உடை, வீட்டு முன்பணம். நாணய மாற்று ஏறி இறங்கும் என்பதால் பத்து விழுக்காடு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தியா என்றால் இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும்.

பணம் எங்கிருந்து? மத்திய சேமநிதியின் கல்வித் திட்டத்தில் இங்கு கட்டும் படிப்புக் கட்டணத்தை வழக்கம்போலச் செலுத்தலாம், பரிமாற்ற செமஸ்டரிலும் அது தொடரும். அங்குள்ள வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேமநிதியைத் தொட முடியாது. பலர் மறந்துவிடுவது உயர்நிலைக் கல்விக்குப் பிந்திய கல்விக் கணக்கை. பள்ளிக் காலத்தில் அரசாங்கம் போட்ட எடுசேவ் கணக்கில் மிஞ்சிய பணம் அதில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பல்கலை ஏற்பாடு செய்யும் வெளிநாட்டுத் திட்டங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். உடன்பிறந்தவரின் கணக்கிலிருந்தும் எடுக்க இடமுண்டு. தம்பியின் கணக்கு சும்மா கிடந்தால், அவனுக்குப் பின்னால் தேவைப்படுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். பல்கலையே பரிமாற்ற மாணவர்களுக்கு உதவி நிதியும் கடனும் வைத்திருக்கிறது. ஏற்கெனவே கல்வி உதவி நிதி பெறுபவர்களுக்கு முன்னுரிமை இருக்கும், விண்ணப்பத் தேதி பரிமாற்ற விண்ணப்பத்தோடு ஒட்டியே வந்துபோய்விடும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறக்கட்டளையிடமும் மாணவர் உதவி பற்றிக் கேளுங்கள். ஐரோப்பியப் பல்கலைகள் சில ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் நிதியைப் பங்காளிப் பல்கலை மாணவர்களுக்கும் தருகின்றன. அந்த இடங்கள் தனியாக அறிவிக்கப்படும்.

தங்குமிடத்தில்தான் பணம் ஏமாந்து போகிறது. பரிமாற்ற மாணவருக்குப் பல்கலை விடுதியில் இடம் உறுதி என்று சொல்லும் பல்கலைக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பெண். நெதர்லாந்து போன்ற இடங்களில் மாணவர் அறைகளுக்குக் கடும் தட்டுப்பாடு. படங்களைக் காட்டி, "வேறு மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் அனுப்பு" என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு காசும் அனுப்பக்கூடாது. காணொளி அழைப்பில் அறையைக் காட்ட மறுப்பவர், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர், ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒத்துப்போகாதவர் எல்லோரும் ஒரே ரகம். வாடகை ஒப்பந்தம் ஓராண்டுக்கா ஆறு மாதத்துக்கா என்றும் பாருங்கள். இங்கே விடுதியில் இருக்கும் மகள் ஒரு செமஸ்டர் வெளியே போனால் திரும்பி வரும்போது அறை கிடைக்குமா என்பதையும் போகும் முன்பே விடுதி அலுவலகத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

காப்புறுதியில், பல்கலையின் பயணக் காப்புறுதி பெரும்பாலும் அதிகாரபூர்வத் தேதிகளுக்கு மட்டும். முன்னும் பின்னும் சுற்றும் நாட்களுக்குத் தனியாக வாங்குங்கள். ஜே-1 விசாவுக்கு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 100,000 டாலர், அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு 50,000 டாலர் என்று குறைந்தபட்ச அளவு விதித்திருக்கிறார்கள். கையிலுள்ள காப்புறுதியில் இந்தத் தொகைகள் எழுத்தில் இருக்க வேண்டும்.

அம்மாக்கள் பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். தேக்காச் சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போக முடியாது. 2019 டிசம்பர் முதல் தாவரப் பொருளுக்குச் சுகாதாரச் சான்று வேண்டும். விலக்கு உள்ளவை அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து மட்டும். நெய், பனீர் போன்ற பால் பொருளும் இறைச்சிப் பண்டமும் எதுவும் கூடாது, வீட்டில் காய்ச்சிய நெய்யும் சேர்த்துத்தான்; கருவாட்டுக்கு இந்தத் தடை இல்லை. ஆஸ்திரேலியாவில் எல்லா உணவுப் பொருளையும் வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம், விசாவுக்கும் ஆபத்து. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத மசாலாப் பொடிகளை மட்டும் அனுப்புங்கள். சிறிய மின்சாரச் சோற்றுப்பானை ஒன்று போதும், விடுதி அறையில் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு. சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால் பொதுச் சமையலறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுப்பது மற்ற எல்லா வசதிகளையும்விட முக்கியம்.

தம்பி விஷயம். தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கு வருவதால் அவன் போகும்போது போர்க்காலப் படைவீரர் (முழுநேரச் சேவை முடிந்தும் கடமை தொடர்பவர்) நிலையில் இருப்பான். 14 நாளுக்கு மேல் வெளிநாடு போனால் தேசிய சேவைக்கான ஒன்என்எஸ் இணையத்தளத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், இன்னும் நீண்ட காலம் என்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். உடலுறுதித் தேர்வுக்கான ஓராண்டுக் காலவரம்பு பிறந்தநாளை ஒட்டி ஓடும். பரிமாற்றம் அதன் கடைசி மாதங்களில் விழுந்தால் போவதற்கு முன்பே தேர்வை முடித்துவிடுவது நிம்மதி.

முழுப் பட்டத்தையும் வெளிநாட்டிலேயே படிக்க மாற்றிக்கொள்ளலாமா என்று சிலர் யோசிப்பதுண்டு. இங்குள்ள அரசாங்கக் கட்டண மானியம், சேமநிதிக் கல்வித் திட்டம், மேலே சொன்ன கல்விக் கணக்கு மூன்றும் அங்கே உதவாது. மருத்துவம், சட்டம் என்றால் இன்னும் ஒரு படி கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சிங்கப்பூர் அங்கீகரிக்கும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் 2020 ஜனவரியில் 160இலிருந்து 103 ஆகக் குறைந்தன. சட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பிரிட்டிஷ் பல்கலைகள் 2016இல் 19இலிருந்து 11 ஆயின. பட்டியலில் இல்லாத இடத்தில் படித்துவிட்டு வந்து இங்கே தொழில் செய்ய முடியாமல் நிற்பதைவிட, இங்கே படித்து ஒரு செமஸ்டர் வெளியே போய் வருவது எவ்வளவோ மேல்.

புறப்படும் வாரத்தில் செய்ய வேண்டியவை: சிங்பாஸ் (அரசாங்க மின் அடையாள) செயலியும் வங்கியின் மின் டோக்கனும் மகளின் கைபேசியில் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது, சிங்கப்பூர் எண்ணைத் துண்டிக்காமல் குறைந்த கட்டணத் திட்டத்தில் வைத்திருப்பது (வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்), வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் பயண விவரம் கொடுப்பது. அடுத்த செமஸ்டருக்கான பாடப் பதிவு அவள் அங்கே இருக்கும்போதே நடக்கும். ஐரோப்பாவில் அது அதிகாலையாகவும் இருக்கலாம், தேதியை இப்போதே கைபேசியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

அங்கே பாடத்தை மாற்ற நேர்ந்தால் முதல் வாரத்திலேயே இங்குள்ள துறைக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்தபின் எழுதினால் யூனிட் கிடைக்காமல் போகலாம். திரும்பும்போது நூலக அபராதம், விடுதிப் பாக்கி எதுவும் வைக்காமல் வர வேண்டும். பாக்கி இருந்தால் பல பல்கலைகள் மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைக்கும். பட்டியலை எந்த முகவரிக்கு, தாளிலா மின்வடிவிலா அனுப்புவார்கள் என்பதை அங்கிருந்து கிளம்பும் முன் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எல்லாப் பாடங்களின் பாடத்திட்டம், விடைத்தாள், ஒப்படைப்புகள் ஆகியவற்றின் நகலும் யூனிட் இங்கே ஏறும்வரை கையில் இருக்கட்டும்.